மறைத்த காய்ச்சல்

கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் கல்லூரிகள் மீண்டும் திறந்தபோது விதிகளுக்குப் பஞ்சமில்லை. முகக்கவசம், இடைவெளி, வாசலில் உடல்வெப்பச் சோதனை, மெஸ்ஸில் நேரம் பிரித்துச் சாப்பாடு என்று சுற்றறிக்கைகள் நீண்டன. அவற்றை மீறிய மாணவர்களைக் கண்டித்தவர்கள் எல்லா மீறலையும் ஒரே தராசில் போட்டார்கள். முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு நண்பனோடு அரட்டையடித்தவனும், காய்ச்சல் அடிப்பது தெரிந்தே பாராசிட்டமால் விழுங்கிச் சூட்டைத் தணித்துக்கொண்டு வாசலைக் கடந்தவனும் அவர்களுக்கு ஒன்றுதான். ஆனால் முதலாமவன் செய்தது அசட்டை. இரண்டாமவன் செய்தது வஞ்சனை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் இதில் எது அறம் என்று பேசத் தொடங்கவே முடியாது.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் 2020 ஆகஸ்டில் தன் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகத்தைத் திறந்தது. அங்கே படிப்பவர்கள் நாற்பதாயிரத்துக்கும் மேல். எச்சிலைக் கொண்டு தொற்றைக் கண்டறியும் பரிசோதனையை அந்தப் பல்கலைக்கழகமே உருவாக்கி, வாரம் இருமுறை செய்துகொள்ள வேண்டும் என்று விதித்தது. தொற்று எப்படிப் பரவும் என்று முன்கூட்டியே கணித்தவர்களில் நைஜல் கோல்டன்ஃபெல்ட், செர்கெய் மாஸ்லோவ் என்ற இரு இயற்பியலாளர்கள் முக்கியமானவர்கள். இளைஞர்கள் விருந்துக்குப் போவார்கள், எல்லோரும் எப்போதும் முகக்கவசம் அணிய மாட்டார்கள் என்பதெல்லாம் அவர்கள் கணிப்பில் இருந்தது. ஆனாலும் வகுப்புகள் தொடங்கிய சில நாட்களிலேயே தொற்று கிடுகிடுவென ஏறியது. தங்களுக்குத் தொற்று உறுதியாகிவிட்டது என்று தெரிந்த பிறகும் சிலர் விருந்துகளுக்குப் போயிருந்தார்கள். சிலர் சுகாதாரப் பணியாளர்களின் பிடியில் சிக்காமல் நழுவினார்கள். அப்படியும் ஒருவர் நடந்துகொள்வார் என்பது கணிப்பில் இல்லை. அத்தியாவசியத் தேவைக்கன்றி வெளியே வரக் கூடாது என்று இளநிலை மாணவர் அனைவரையும் இரண்டு வாரம் கட்டுப்படுத்திய பிறகுதான் எண்ணிக்கை இறங்கியது.

அந்த இருவரின் கணிப்பைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மனிதர் பலவீனமானவர் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தெரிந்தே பிறரை ஆபத்தில் தள்ளுவார் என்று எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வளாகம் கூடி வாழ்வதற்கு இந்த அளவு நம்பிக்கையாவது வேண்டும். பரிசோதனை எத்தனை துல்லியமாக இருந்தாலும், முடிவைக் கேட்டவர் அடுத்த அடியை எங்கே வைக்கிறார் என்பதில்தான் அதன் பயன் இருக்கிறது.

“என் உடம்பு, எனக்கு வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்ற வாதம் அந்த நாட்களில் அடிக்கடி கேட்டது. இருபது வயதுக்காரருக்குப் பெரும்பாலும் அது நாலு நாள் காய்ச்சலாகவே வந்து போனது என்பதும் உண்மை. இந்த வாதம் உடைவதும் அங்கேதான். துணிபவர் ஒருவர், விலை கொடுப்பவர் வேறொருவர். 2020 டிசம்பரில் சென்னை ஐஐடி வளாகத்தில் தொற்று நூறைத் தாண்டியது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். மெஸ் ஊழியர்களும் இருந்தார்கள். அப்போது ஒரே ஒரு மெஸ்தான் இயங்கிக்கொண்டிருந்தது. கரண்டி பிடித்து நிற்கும் ஊழியருக்கு ஐம்பத்தைந்து வயதும் சர்க்கரை நோயும் இருந்தால், வரிசையில் நிற்கும் மாணவருக்குச் சாதாரணமாகப் போகும் காய்ச்சல் அவருக்கு அப்படிப் போகாது. யாருக்குச் சோறு போடுவது, யாருக்குப் போடாமல் இருப்பது என்று அவர் தேர்ந்தெடுக்கவும் முடியாது.

சாப்பிடும்போது முகக்கவசத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்று பரவத் தொடங்கிவிடும். ஆகவே அந்த மெஸ்ஸில் பலருக்குத் தொற்று வந்ததில் எவர் தவறும் இல்லாமலே இருந்திருக்கலாம். ஒரே கூடத்தில் அத்தனை பேரையும் உட்காரவைத்த ஏற்பாட்டைத்தான் முதலில் கேள்வி கேட்க வேண்டும். தொற்று வந்ததே குற்றம் ஆகாது. தெரிந்த பிறகு என்ன செய்தோம் என்பதற்குத்தான் ஒருவர் பொறுப்பு.

சமூகம் இதைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. சென்னையில் தொற்று வந்தவர் வீட்டுச் சுவரில் அறிவிப்பு ஒட்டி, தகரம் வைத்து அடைத்ததை ஊரே பார்த்தது. நோயாளியைக் குற்றவாளிபோல் நடத்தும் ஊரில் வளர்ந்த பிள்ளை, விடுதியில் காய்ச்சலை மறைக்கக் கற்றுக்கொண்டதில் வியப்பில்லை. கடுந்தண்டனையும் இதே பாடத்தைத்தான் கற்பிக்கிறது. 2020 செப்டம்பரில் பாஸ்டனின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகம், விடுதியாகப் பயன்பட்ட ஓட்டல் அறை ஒன்றில் கூடியிருந்த முதலாண்டு மாணவர் 11 பேரை அந்தப் பருவத்திலிருந்து நீக்கியது. ஒவ்வொருவரும் கட்டணமாகக் கட்டிய 36,500 டாலரும் திரும்பாது என்று முதலில் அறிவித்தது. விதி முன்பே சொல்லப்பட்டதுதான், மறுக்க முடியாது. ஆனால் கூடியதற்கே இத்தனை பெரிய விலை என்றால், பிறகொரு நாள் “நேற்று யாரோடு இருந்தாய்?” என்று சுகாதாரப் பணியாளர் கேட்கும்போது எந்த மாணவர் பெயர்களைச் சொல்வார்? தொடர்புகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை முழுக்க அந்தப் பதிலை நம்பி நிற்கிறது.

காய்ச்சலை மறைத்தவரைப் பயம் பழியிலிருந்து விடுவித்துவிடுமா? தேர்வு தவறும், கேம்பஸ் இன்டர்வியூ கைவிட்டுப் போகும் என்ற பயம் பொய்யல்ல. அது குற்றத்தின் கனத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. மறுதேர்வு கேட்கலாம், முறையிடலாம், பெற்றோரைப் பேசச் சொல்லலாம். மாணவருக்கு வாய் இருக்கிறது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு, கேட்பதற்கு இப்படி ஓர் ஆபத்து இருப்பதே தெரியாது.

அதே காய்ச்சலை மெஸ் ஊழியர் மறைத்தால்? ஒப்பந்தக் கூலிக்கு வேலை செய்பவர் நாலு நாள் வராவிட்டால் நாலு நாள் கூலி இல்லை. அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடவும் கூடும். அவர் மறைப்பதும் மாணவர் மறைப்பதும் செயலளவில் ஒன்று. ஆனால் அவருக்கு வேறு வழி வைக்காதவர்கள் மேல்தான் அந்தப் பழியின் பெரும்பங்கு விழ வேண்டும். காய்ச்சல் வந்தால் சொல்லுங்கள் என்று அவரிடம் கேட்கும் நிர்வாகம், சொன்ன நாள் முதல் குணமாகும் வரை கூலி உண்டு என்பதையும் அதே சுற்றறிக்கையில் எழுத வேண்டும். தாங்கள் கட்டும் மெஸ் கட்டணத்தில் அந்தச் செலவும் சேரட்டும் என்று மாணவர்களே கேட்கலாம், கேட்டிருக்க வேண்டும்.