உடையவன் யார்?

நிலத்தை விலைக்கு வாங்குகிறவன் மெய்யாக எதை வாங்குகிறான் என்ற வினாவை, கிணறும் வாய்க்காலும் நிறைந்த ஊரில் இருந்துகொண்டு ஆராய்வதைக் காட்டிலும், ஆஸ்திரேலியாவின் உட்புறப் பாலையில், பத்துப் பதினைந்து வீடுகளே ஊர் என்று பெயர் தாங்கி நிற்கும் இடங்களை முன்வைத்து ஆராய்வது தெளிவு தரும். தெற்கு ஆஸ்திரேலியாவில்தான் 1858ஆம் ஆண்டு ராபர்ட் டாரென்ஸ் என்பார், மூலப் பத்திரங்களைத் துருவி வில்லங்கம் பார்க்கும் தொல்லையை ஒழித்து, அரசாங்கப் பதிவேட்டில் எவன் பெயர் உள்ளதோ அவனே உடையவன் என்னும் சட்டத்தை நிறைவேறச் செய்தார்.

ஏட்டில் பெயர் ஏறிற்று; வானம் அதற்குக் கட்டுப்படவில்லை. நில அளவைத் தலைவரான ஜார்ஜ் கோய்டர், 1865இல் பெரும் வறட்சிக்கிடையே குதிரைமீது சென்று, மரஞ்செடிகளின் இயல்பு மாறி உவர்ச்செடி தலைகாட்டும் இடங்களைக் குறித்துக்கொண்டு, இதற்கு வடக்கே பயிர்த்தொழிலை நம்பலாகாது என்று ஒரு கோடு வகுத்தார். பின்னர்ச் சில ஆண்டுகள் மழை தாராளமாகப் பெய்யவே, ஏர் சென்ற வழியே மழையும் வரும் என்ற நம்பிக்கை பரவி, அக்கோட்டுக்கு வெகு வடக்கே 1878இல் ஃபரீனா என்னும் ஊர் எழுந்தது. மழை பொய்த்தது, கோதுமைக் கனவும் பொய்த்தது, ரயில் ஓடியவரை ஒருவாறு பிழைத்திருந்த ஊரில் இப்போது கற்சுவர்களே மிகுதி. நிலத்தடியில் கட்டிய பழைய ரொட்டி அடுப்பு மட்டும் கெடாதிருக்க, குளிர்காலத்தில் வந்து கூடும் தொண்டர்கள் அதில் விறகிட்டு ரொட்டி சுடுகிறார்கள்.

இதைக் கண்டு, யாதும் நம்முடையதன்று, மமகாரத்தை விடுக என்று வேதாந்தம் பேசிவிடுதல் எளிது. எனக்கோ அதில் ஓர் அச்சம் உண்டு. இந்நிலம் எவருக்கும் உரியதன்று என்று துறவி சொல்லும் வார்த்தையைத்தான், பல்லாயிரம் ஆண்டுகளாக ஆதிக்குடிகள் வாழ்ந்த நாட்டைக் கைக்கொண்ட ஆங்கிலேயரின் சட்டமும் சொல்லிற்று. அச்சித்தாந்தத்தை அந்நாட்டுத் தலைமை நீதிமன்றம் தள்ளியது 1992இல், மாபோ வழக்கு எனப்படும் நில உரிமை வழக்கில்தான். அக்குடிகளின் கொள்கையோ வேறு. மனிதனே நிலத்துக்கு உரியவன். அதன் ஊற்றைப் பேணவும், குன்றின் கதையைப் பாடவும், சடங்கை நடத்தவும் கடமைப்பட்டவன். அக்கடமையே அவனது பாத்தியதை. பூர்வ உரிமை வழக்குகளில் நீதிமன்றம் கேட்பதும் பத்திரத்தையன்று, மரபு வழியே அறாது வந்த தொடர்பையே. (துரத்தப்பட்டவர்கள் அத்தொடர்பை எங்ஙனம் நிரூபிப்பார்கள் என்பது அச்சட்டத்தின் பெருங்குறை.)

பத்திரம் மட்டும் அங்கே ஒருவனை வாழவைத்துவிடாது. அதே பாலையிலுள்ள ஓபல் சுரங்க ஊராகிய கூபர் பீடியில், கோடை வெயில் 45 பாகையைத் தாண்டும் நாளிலும் குன்றைக் குடைந்த வீட்டினுள் ஏறத்தாழ 25 பாகைதான். ஆயினும் குடிநீர், தொலைவிலுள்ள ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இறைத்து உப்பு நீக்கப்பட்ட பின்பே அவ்வீட்டுக்கு வந்து சேரவேண்டும். ஆகையால், அத்தகைய ஊரில் மனை மலிவாகக் கிடைக்கிறது என்று ஆசைப்படுகிறவர், பதிவேட்டில் தம் பெயரை ஏற்றுமுன், அங்கே தண்ணீர் யார் உழைப்பால் வருகிறது, அம்மண்ணின் கதையை அறிந்தோர் யார், தாம் அங்கே எதைக் காக்கப்போகிறோம் என்று விசாரித்துக்கொள்ளட்டும். விடை கிடைக்காவிடில் வாங்காதிருப்பதே தருமம்.