வேண்டுமென்றே

பழங்காநத்தத்தில் நாங்கள் குடியிருந்த வளவில் ஆறு வீடுகள். நடுவில் முற்றம், அதில் ஓர் அடிபம்பு. தெருவைப் பார்த்த முன்கட்டில் வீட்டுக்கார அம்மாள் இருந்தார். முற்றத்துக்கு அந்தப் பக்கம், அவருக்கு நேர் எதிரே, டைப்ரைட்டிங் சார். 2004இல் ஏழு மாத வாடகை நின்றுபோன பிறகு அம்மாள் வக்கீல் நோட்டீஸ் விட்டார். பதிவுத் தபால். தபால்காரர் அம்மாளின் திண்ணையில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு முற்றத்தைக் கடந்து போய் சாரிடம் கையெழுத்து வாங்கினார். இருபதடி இருக்கும். அன்று காலையில்தான் அம்மாளும் சாரின் மனைவியும் அடிபம்பருகில் நின்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். வாடகையைப் பற்றி இல்லை. அப்போது பள்ளி மாணவனாயிருந்த எனக்கு அந்தக் கடிதம் போய்வந்த வழி விசித்திரமாகப் பட்டது. இன்றும் அப்படித்தான் படுகிறது.

அப்போது நடைமுறையில் இருந்தது 1960ஆம் வருஷத்திய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதன் வேர் யுத்த காலத்தில் இருக்கிறது. வீட்டு நெருக்கடியின்போது 1941இல் பிறந்த ஓர் உத்தரவு 1946இலும் 1949இலும் சட்டமாகி, 1960இல் நிலைபெற்றது. அதன் 10ஆம் பிரிவு வாடகை தராதவரை வெளியேற்ற இடம் தருகிறது. ஆனால் பாக்கி ‘வேண்டுமென்றே’ விடப்பட்டதாக இருக்க வேண்டும். அப்படி இல்லையென்று கண்டால், பதினைந்து நாளுக்கு மேற்படாத அவகாசம் தந்து, பணம் கட்டப்பட்டதும் மனுவைத் தள்ளிவிட வேண்டும். 1973இல் ஒரு விளக்கம் சேர்ந்தது: வீட்டுக்காரர் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்த பின்னும் பாக்கி தொடர்ந்தால், அது வேண்டுமென்றே விடப்பட்டதாகக் கொள்ளப்படும்.

ஒரு சட்டம் மனிதனின் உள்ளே எட்டிப் பார்க்கத் துணிந்த இடம் இது. அந்த ஒற்றைச் சொல்லுக்கு என்ன பொருள் என்று, தமிழ்நாட்டு வழக்குகள் சிலவற்றை ஒன்றாக எடுத்துக்கொண்டு, உச்ச நீதிமன்றம் 1985 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. சுந்தரம் பிள்ளை எதிர் பட்டாபிராமன் என்ற வழக்கு. மூவர் அமர்வில் ஃபசல் அலியும் வரதராஜனும் ஒருபுறம். சப்யசாச்சி முகர்ஜி மாறுபட்டார். பெரும்பான்மையின் முடிவு இது: பாக்கி தெரிந்தே, நோக்கத்தோடு, கணக்குப் போட்டு, விளைவை முற்றிலும் உணர்ந்து விடப்பட்டிருந்தால்தான் அது வேண்டுமென்றே செய்தது. நோட்டீஸுக்குப் பின்னும் கட்டாதவர் விஷயத்தில் அதை நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம். ஆனாலும், தன் சக்திக்கு மீறிய காரணம் தன்னைத் தடுத்தது என்று அவர் காட்டினால் கதவு முழுதாக அடைபடாது.

சாருக்கு அந்தக் கதவு திறந்தே இருந்தது. கம்ப்யூட்டர் வந்தபின் அவருடைய இன்ஸ்டிட்யூட்டில் ஆள் இல்லை. மனைவிக்கு உடம்பு சரியில்லாமல் போனதும் உண்மை. அதைச் சொல்லும்படி வக்கீல் சொல்லிக்கொடுத்தார். வழக்காட வேண்டுமென்றால் முதலில் பாக்கியைக் கட்டியாக வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் இருந்தது. ஆறு மெஷின்களில் நான்கை விற்று, மாதம் 700 ரூபாய் வீதம் அன்றைய தேதிவரை முழுப் பாக்கியையும் சார் கட்டிவிட்டார். ஆக, பணம் தீர்ந்துவிட்டது. தீராமல் நின்றது அந்தச் சொல் மட்டுமே.

குறுக்கு விசாரணையில் அவர் சொன்னதை, கூடப் போயிருந்த என் அப்பா வந்து சொன்னார். “யோசிச்சுத்தான் நிறுத்துனேன். பாலிடெக்னிக் ஃபீஸ் கட்டாட்டி பொண்ணு பேரை அடிச்சிருவாங்க. கந்துவட்டிக்காரன் வாசல்ல வந்து கத்துவான். மளிகைக் கடையில சாமான் தர மாட்டாங்க. அம்மா கத்த மாட்டாங்க. அதான் அவங்களைக் கடைசியா வச்சேன்.” தெரிந்தே, நோக்கத்தோடு, கணக்குப் போட்டு, விளைவை உணர்ந்து. உச்ச நீதிமன்றம் கேட்டதில் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. வெளியேற்ற உத்தரவாயிற்று.

அவரை அசடு என்று வளவே சொன்னது. எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. இந்தச் சட்டம் கருணையுள்ளது; சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கருணைக்கு விலை உண்டு. தப்ப விரும்புகிறவன் தன்னிடம் சங்கல்பமே இல்லை, தான் வெறும் சூழ்நிலையின் கைப்பாவை என்று நிரூபித்தாக வேண்டும். இயலாமை ஒருபுறம், இச்சை மறுபுறம் என்று அது மனிதனை இரண்டாகப் பிளக்கிறது. இந்தப் பிளவு வசதியுள்ளவனுக்குப் பொருந்தலாம். அவன் ஒன்று மறக்கிறான், அல்லது ஏமாற்றுகிறான். இல்லாதவனின் வாழ்க்கையில் இயலாமை என்பதே ஓயாத தேர்வுதான். யாருக்கு இந்த மாதம், யாருக்கு அடுத்த மாதம் என்று அவன் கணக்குப் போடாத நாள் கிடையாது. அவன் விடும் ஒவ்வொரு பாக்கியும் வேண்டுமென்றே விடப்படுவதுதான். அதே சமயம் ஒன்றுகூட விரும்பி விடப்படுவதில்லை.

புயலில் கப்பல் தப்பிக்கச் சரக்கைக் கடலில் எறிபவனின் செயல் இச்சையுள்ளதா இல்லாததா என்று அரிஸ்டாட்டில் தன் அறவியல் நூலில் கேட்கிறார். சும்மா இருக்கும்போது யாரும் சரக்கை எறிவதில்லை. ஆனால் அந்தக் கணத்தில் எறியும் கை அவனுடையதுதான். இரண்டும் கலந்தது, ஆனாலும் இச்சையின் பக்கமே சாய்ந்தது என்கிறார். சார் சாட்சிக்கூண்டில் சொன்னது இதைத்தான். எறிந்த கை தன்னுடையது என்று ஒப்புக்கொண்டார். அதை ஒளித்திருந்தால் வீடு மிஞ்சியிருக்கும்.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் நான் அம்மாளுக்கு அநியாயம் செய்தவனாவேன். கடலில் எறியப்பட்ட சரக்கு சாருடையதல்ல, அம்மாளுடையது. பென்ஷன் இல்லாத விதவை அவர். அந்த வாடகைகளைத் தவிர வேறு வருமானம் கிடையாது. கத்தாதவர் என்பதற்காகவே கடைசியில் வைக்கப்பட்டார். கத்துகிறவனுக்கு வட்டியோடு போய்ச் சேருகிறது, கண்ணியமானவருக்கு நோட்டீஸ் செலவு மிஞ்சுகிறது. சாரின் கணக்கில் இருந்த அநீதி இதுதான், அதை எந்தச் சட்டமும் அவரிடம் கேட்கவில்லை. ‘ஏன் தரவில்லை’ என்று முற்றத்தைக் கடந்து போய்க் கேட்க அம்மாளுக்குக் கூச்சம். ‘தர முடியவில்லை’ என்று இந்தப் பக்கம் வந்து சொல்ல சாருக்குக் கூச்சம். இருவரும் கேட்டுக்கொள்ள முடியாத ஒரு கேள்வியைத் தங்கள் சார்பில் கேட்கவே நீதிமன்றம் போனார்கள் என்று இப்போது படுகிறது.

1960ஆம் வருஷத்துச் சட்டம் இன்றில்லை. 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்த சட்டம் அதன் இடத்தில் இருக்கிறது. இரண்டு மாத வாடகை பாக்கி, கேட்டு அறிவிப்புக் கொடுத்தும் ஒரு மாதத்துக்குள் முழுதும் கட்டவில்லை என்றால் வெளியேற்றக் கோரலாம். ‘வேண்டுமென்றே’ என்ற சொல் அங்கு இல்லை. இதில் ஒரு நேர்மை இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. யாரும் தன் நோயையும் மனைவியின் நோயையும் கூண்டிலேறி விரித்துக் காட்ட வேண்டியதில்லை. வீட்டுக்காரரும் பிறர் மனத்துக்குள் இருப்பதை நிரூபித்துக்கொண்டு வருஷக்கணக்கில் அலைய வேண்டியதில்லை. எண்ணும் தேதியும் போதும்.

ஆனால் அந்தச் சொல் மறைந்துவிடவில்லை. இடம் மாறியிருக்கிறது. நான் வேலை பார்க்கும் வங்கியில் தினமும் அதைப் பார்க்கிறேன். வேண்டுமென்றே கடன் கட்டாதோர் என்று ரிசர்வ் வங்கி 1999இலிருந்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 25 லட்ச ரூபாயும் அதற்கு மேலும் பாக்கி வைத்தவர்களுக்கு அது. ஒருவர் பெயரை அதில் சேர்க்குமுன் ஒரு கமிட்டி ஆராய்கிறது, விளக்கம் கேட்டு நோட்டீஸ் போகிறது, பதில் பரிசீலிக்கப்படுகிறது, அதன் முடிவை இன்னொரு கமிட்டி திரும்பப் பார்க்கிறது. அந்தப் பட்டியல் தண்டனைக்கானது, சலுகைக்கானதல்ல என்பது தெரிந்ததே. எனினும் அவர்களுடைய சங்கல்பத்தை அறிய இத்தனை பேர் உட்கார்ந்து யோசிக்கிறார்கள். நாற்பதாயிரம் ரூபாய் நகைக்கடனுக்கு ஏல நோட்டீஸ் அனுப்பும்போது, ஏன் மீட்கவில்லை என்று எழுத எங்கள் லெட்ஜரில் ஒரு பத்தி கிடையாது. உள்மனம் என்ற ஒன்று இருப்பதாக ஒப்புக்கொள்ளப்படுவதற்கும் ஒரு குறைந்தபட்சத் தொகை நிர்ணயமாகியிருக்கிறது.

விசாரிக்காமல் தீர்ப்பளித்ததற்காக எரிந்த ஊர் என்று மதுரைக்கு ஒரு கதை உண்டு. சார் விஷயத்தில் விசாரணை நடந்தது, அவரும் உண்மையைச் சொன்னார், முடிவு மாறவில்லை. அப்படியானால் கேட்டதால் என்ன பயன்? பயன் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீடு போனாலும், தான் யோசித்துச் செய்ததை யோசித்துச் செய்ததாகச் சொல்ல அவருக்கு ஓர் இடம் கிடைத்தது. அம்மாளும் அங்கே இருந்தார். தான் ஏன் கடைசியில் வைக்கப்பட்டோம் என்பதை அங்கேதான் முதன்முதலாகக் கேட்டார்.

நத்தம் என்றால் வருவாய்த்துறைக் கணக்கில் ஊரார் குடியிருக்க விடப்பட்ட நிலம். அந்தச் சொல்லைப் பெயரில் வைத்திருக்கும் ஊரிலிருந்து, மிஞ்சிய இரண்டு மெஷின்களோடு ஒரு மினி லாரியில் சார் குடும்பம் கிளம்பிற்று. அம்மாள் வெளியே வரவில்லை. அடுத்து வந்தவர்களிடம் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கிக்கொண்டார். அதன்பின் அந்த வளவில் யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.