கைம்முதல் அற்றவரும் கடன்பட்ட அரசும்

அரசு எடுத்த ஒரு முடிவால் பிழைப்பை இழந்தவருக்கு அவ்வரசு செய்யும் உதவி அருளா, கடனா என்னும் வினா, பொருளியலுக்கு உரியதாகத் தோன்றினாலும், அறவியலையும் சமயத்தையும் தொடாமல் விடை காண இயலாதது. திருச்சிராப்பள்ளியில் இவ்வினாவுக்குத் தனி அழுத்தம் உண்டு. செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டும் தொழில் இந்நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் நெடுங்காலம் பல குடும்பங்களைக் காப்பாற்றி, சீனாவில் எந்திரத்தால் பட்டையிட்ட மலிவான கற்கள் வந்திறங்கியதும் நலிந்தது; காவிரிக்கு அக்கரையிலுள்ள திருவரங்கத்திலோ, காக்கப்படுபவரிடம் எத்தகுதியை எதிர்பார்க்கலாம் என்பதை 13, 14-ஆம் நூற்றாண்டு வைணவ ஆசாரியர்கள் மிக நுணுக்கமாக ஆராய்ந்திருந்தனர்.

கடைத்தெருவில் அமெரிக்கன் டைமண்ட் என்று விற்கப்படும் கல், வைரமன்று; சிர்க்கோனியம் ஆக்சைடை உருக்கிப் படிகமாக்கிய செயற்கைப் பொருள். கடுகளவுக் கல்லை அரக்கைச் சூடாக்கிக் குச்சி நுனியில் ஒட்டி, சுழலும் தட்டில் வைத்து அழுத்தி, ஒரு பட்டை முடிந்ததும் குச்சியைச் சிறிதே திருப்பி அடுத்த பட்டையை எடுப்பது இத்தொழிலின் அடிப்படை வேலை. எவ்வளவு அழுத்துவது, எப்போது எடுப்பது என்பதைக் கையும் கண்ணுமே அறியும். வியாபாரி மூலக்கல்லைக் கொடுத்து, பட்டையிட்ட கல்லை எண்ணி வாங்கி, கல்லுக்கு இவ்வளவு என்று கூலி தருவதால், வேலை செய்பவரின் பெயர் எந்தச் சம்பளப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. மூலக்கல்லும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வந்தது என்பதால், இறக்குமதியால் வளர்ந்த தொழில் இறக்குமதியாலேயே நலிந்தது எனலாம். ஆகவே இதைச் சுதேசி, அந்நியம் என்ற எளிய எதிர்வுக்குள் அடக்க முடியாது.

இறக்குமதியால் வேலை இழப்போருக்கென அமெரிக்கா 1962-ஆம் ஆண்டு வணிகச் சட்டத்தில் ஓர் உதவித் திட்டத்தை அமைத்து, 1974-இல் விரிவாக்கி, 2022-இல் காலாவதியாக விட்டது. வேலையிழப்புக்கு இறக்குமதி காரணம் என்பதைத் தொழிலாளர் துறை ஏற்றால்தான் அதன் உதவி கிடைத்தது. இந்தியாவில் 1992-இல் தொடங்கிய தேசியப் புதுப்பிப்பு நிதி தாராளமயத்தால் வேலை இழக்கும் தொழிலாளருக்கு மறுபயிற்சி அளிப்பதையும் நோக்கமாக அறிவித்தது. ஆயினும் பெரும்பகுதி பொதுத்துறை ஊழியரின் விருப்ப ஓய்வுக்கே செலவாயிற்று. 2001 ஏப்ரலில் எஞ்சியிருந்த இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளையும் நீக்கிய அரசு, அதனால் பாதிக்கப்படுவோருக்கென நிலையான ஏற்பாடு எதையும் உடன் செய்யவில்லை. தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் வேலையின்மைப் படி, காப்பீட்டுப் பதிவு உள்ளவருக்கே உரியது. தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழி வந்த நல வாரியங்கள் கல்வி, திருமணம், மகப்பேறு, விபத்து, இறப்பு, முதுமை ஆகியவற்றுக்கு உதவுகின்றன. தொழிலே இல்லாமற்போவது அவற்றின் பட்டியலில் இல்லை. இதற்கு மாறாக, வெளிநாட்டு மின்நிலையக் கருவிகள் மீது 2012-இல் மத்திய அரசு வரி விதித்தபோது, திருவெறும்பூர் பெல் நிறுவனம் போன்ற பெரிய ஆலைகளின் குரல் தில்லியில் கேட்கப்பட்டது.

இனித் திருவரங்கத்து வாதத்துக்கு வருவோர், இறைவனால் உயிர் காக்கப்படும் விதத்துக்குச் சொல்லப்படும், தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி, தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டி என்னும் உவமையோடு நின்றுவிடுவதுண்டு. வாதத்தின் கூர்மை அதற்கு அப்பால் இருக்கிறது. இறைவனே முழுமையான உபாயமாக, அதாவது வழியாக, இருக்க, உயிரின் முயற்சியை அருளுக்கு விலையாக்குவது அவன் பெருமையைக் குறைப்பதாகும் என்பது ஸ்ரீவசனபூஷணம் இயற்றிய பிள்ளை உலகாசிரியரின் கருத்து. வேதாந்த தேசிகரோ, காரணம் ஏதுமின்றி ஒருவருக்கு அருளி மற்றவரை விடுவது இறைவனுக்குப் பாரபட்சக் குற்றத்தை உண்டாக்கும் என்பதால், வியாஜம், அதாவது அருளுக்குச் சாக்காக அமையும் ஒரு சிறு செயல், உயிரிடம் வேண்டும் என்றார். இருவரும் ஒன்றுபடும் இடமே இங்கு முக்கியமானது. சரணாகதிக்கு உரியவர் யார் என்றால், ஆகிஞ்சன்யம் உடையவர், அதாவது வேறு வழிகளில் முயல்வதற்கான கைம்முதல் இல்லாதவர். இல்லாமையே அங்கே தகுதி.

அரசு அலுவலகத்தின் ஒழுங்கு இதற்கு நேர்மாறானது. பணிச்சான்று, சம்பளச் சீட்டு, பதிவு எண் என்று, இருந்ததற்கான ஆவணத்தையே அது கேட்கிறது. இவற்றில் ஒன்றும் இல்லாத பட்டைத் தொழிலாளி, அந்த இல்லாமையாலேயே வெளியே நிறுத்தப்படுகிறார். தேசிகர் வேண்டிய வியாஜம் மிக வலுவற்றவராலும் இயலும் அளவுக்குச் சிறியது. நாற்பது வயதைக் கடந்து, கண்பார்வை மங்கத் தொடங்கிய ஒருவரிடம் கணினிப் பயிற்சியை நிபந்தனையாக வைப்பது அவ்வகையைச் சேராது.

எனினும் இவ்வொப்புமை முற்றும் பொருந்தாது. வைணவத்தில் அருள்பவன் உயிருக்குத் துன்பம் இழைத்தவன் அல்லன். துன்பம் கர்மத்தால் வந்தது. இறக்குமதிக் கதவைத் திறந்ததோ அரசின் முடிவு. அதன் பயன் மலிவாக நகை வாங்குவோர் அனைவருக்கும் பரவ, சுமை சில தெருக்களில் மட்டும் இறங்கியது. திருக்குறள் ஒப்புரவறிதலையும் ஈகையையும் தனித்தனி அதிகாரங்களாக வைத்திருப்பதை நினைத்தால், பொதுநன்மைக்காகச் சிலர் இழந்ததை ஈடுசெய்வது ஈகையின் பாற்பட்டதன்று என்பது விளங்கும். அப்படியானால் வறட்சியாலோ உள்ளூர் எந்திரத்தாலோ தொழில் இழந்தவர் எவ்வகையில் தாழ்ந்தவர் என்று கேட்கலாம். இது வலுவான கேள்வி. பட்டைத் தொழிலை வீழ்த்தியதில் இறக்குமதி எவ்வளவு, எந்திரம் எவ்வளவு, மாறிய நகை மோகம் எவ்வளவு என்று பிரித்துக் காட்ட எவராலும் ஆகாது. எனவே கடன் என்பதை அரசு உதவ வேண்டியதற்கான காரணமாகவும், கைம்முதலின்மையைப் பெறுபவருக்கான அளவுகோலாகவும் தனித்தனியே கொள்வதே பொருந்தும்.

இதிலும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. கடன் என்றால் இழப்பின் அளவுக்கு ஈடு தர வேண்டும்; அப்போது நுண்பட்டை எடுத்துக் கூடுதல் கூலி பெற்ற கைதேர்ந்தவருக்கு மிகுதியும், அவருக்கு அரக்கு ஒட்டிக் கொடுத்த உதவியாளருக்குக் குறைவும் சேரும். இல்லாமை என்றால் இது தலைகீழாகும். முதலில் உதவியாளரின் அடுப்பெரியச் செய்து, பின்னரே கைதேர்ந்தவரின் இழப்பைக் கணக்கிடுவது என்னும் வரிசை ஏற்கத்தக்கது. அதனால் அக்கைத்திறனுக்கு உரிய ஈடு தள்ளிப்போகும் என்பதையும் உடன் ஏற்க வேண்டியிருக்கும்.