தாச்சியும் இயந்திரமும்

தொண்ணூறுகளின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழ்ந்தவர்கள் ஒரு மணத்தை இன்றும் மறந்திருக்கமாட்டார்கள். 1990இல் வந்த பொருளாதாரத் தடையினால் பெற்றோல் கிடைத்தற்கரிய பண்டமாயிற்று. இயந்திரத்துக்குச் சில துளி பெற்றோலைக் காட்டி உயிரூட்டிவிட்டு, மண்ணெண்ணெயுடன் சிறிது சமையலெண்ணெயையும் கலந்து மோட்டார் சைக்கிள்களை ஓட்டினார்கள். வீதியெங்கும் புகை, அப்புகையிலே பலகாரம் பொரிக்கும் வீட்டின் வாசனை. வாசனை இருந்தது, பலகாரந்தான் இல்லை.

அண்மையில் ஒரு கலந்துரையாடலில் இதைச் சொன்னபோது, அக்காலத்திற் பிறந்தேயிராத மாணவர் ஒருவர் எழுந்து, "தாளிக்க எண்ணெய் இல்லாத வீடுகள் இருக்கும்போது, அதை வாகனத்துக்கு ஊற்றியது சரியா, சேர்?" என்று கேட்டார். எம்மால் உடனே மறுமொழி கூற முடியவில்லை. அக்கேள்வி குடாநாட்டுக்கு மட்டும் உரியதன்று. இன்று உலகளாவிய ஒரு பெருந்தொழிலின் அடியிற் கிடக்கும் கேள்வியும் அதுவே.

தாவர எண்ணெயால் இயந்திரம் ஓட்டுவது புதுமையன்று. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில், றுடோல்ப் டீசல் வகுத்த முறையில் அமைந்த சிறிய இயந்திரமொன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. அது அத்துணை இயல்பாக ஓடியதால் வேறுபாட்டை உணர்ந்தவர் மிகச் சிலரே என்று டீசலே பின்னர் எழுதினார். இம்முயற்சியில் அக்கறை காட்டியது பிரெஞ்சு அரசாங்கம். ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளில் நிலக்கடலை மலிந்து விளைந்தது. அங்கே கைத்தொழிலுக்கு வேண்டிய விசையை நிலக்கரி இறக்குமதி செய்யாமல் அங்கேயே பெறலாம் என்பது கணக்கு. கடலையை உண்டு வாழ்ந்தவன் இக்கணக்கிற் சேர்க்கப்படவில்லை. பின்னர் நிலத்தடி எண்ணெய் மலிவாகப் பெருகவே கடலையெண்ணெய் மறக்கப்பட்டது.

தாவர எண்ணெயை அப்படியே ஊற்றினால் நெடுநாள் ஓடாது. அது டீசலிலும் பன்மடங்கு தடித்தது. எரிபொருளைத் தூவும் நுண்துளைகளை அடைத்து உள்ளே கரியைப் படியவைக்கும். ஆகவே மெதனோலும் எரிசோடாவும் சேர்த்து அதன் தன்மையை மாற்றுகிறார்கள். கிளிசரீன் அடியிற் பிரிய, மெல்லிய எரிபொருள் மேலே நிற்கும். செய்முறை எளிது, அந்த எளிமையே ஆபத்து. மெதனோல் தோலினூடாகவும் உடலிற் புகும் நஞ்சு, கண் பார்வையைப் பறிக்க வல்லது. அது தீப்பற்றினால் பகல் வெளிச்சத்திற் சுவாலை கண்ணுக்குத் தெரிவதேயில்லை. கொல்லைப்புறக் கொட்டிலில் வாளியும் அகப்பையுமாக இதைச் செய்ய முற்படும் இளைஞர்கள் இதை அறிந்திருத்தல் வேண்டும்.

நன்மைகளை மறைப்பதும் நேர்மையாகாது. இவ்வெரிபொருளிற் கந்தகம் இல்லையென்றே சொல்லலாம், கரும்புகையும் குறைவு. அந்நியச் செலாவணி இல்லாத நாட்டுக்கு இது சிறு காரியமல்ல. 2022இல் எரிபொருள் நிலையங்களின் முன் இரவு பகலாக வரிசையில் நின்ற எவரும் இதனை எள்ளி நகையாடமாட்டார்.

ஆயினும் அதே 2022இன் தொடக்கத்தில் இந்தோனேசியாவில் நடந்ததையும் பார்க்க வேண்டும். உலகில் மிக அதிகமாகப் பாம் எண்ணெய் உற்பத்தி செய்யும் நாடு அது. அங்கே சமையலெண்ணெய்க்குத் தட்டுப்பாடு! தாய்மார் வெறும் போத்தல்களுடன் வரிசையில் நின்றனர். ஏப்ரல் 28இல் அரசாங்கம் ஏற்றுமதியைத் தடை செய்தது. மே 23இல் தடையை நீக்கியது. உலகச் சந்தையில் விலை ஏறியதும், வணிகர் வெளிநாட்டை நாடியதும் முதற் காரணங்கள். ஆனால் டீசலில் 30 வீதம் பாம் எண்ணெய் எரிபொருளைக் கலக்க வேண்டும் என்ற சட்டமும் அப்போது நடைமுறையில் இருந்தது. ஏற்றுமதி வரியிலிருந்து திரண்ட நிதி அந்த எரிபொருளின் விலையைத் தாங்கி நின்றது. சமையலறைக்கு அத்தகைய நிலையான காவலன் எவனும் இருக்கவில்லை. அதன் பின்னரும் கலப்பு வீதம் 2023இல் 35 ஆகவும், 2025இல் 40 ஆகவும் உயர்ந்தது.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். ஐவர் கொண்ட குடும்பம் மாதம் மூன்று லீற்றர் எண்ணெய் பாவிப்பதாக வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 36 லீற்றர். 200 லீற்றர் கொள்ளும் ஒரு லொறியின் தாங்கியை ஒரு தடவை நிரப்ப, அக்குடும்பத்தின் ஐந்தரை ஆண்டு எண்ணெய் வேண்டும்.

"புதிய எண்ணெயை விடுங்கள், பொரித்துக் கழித்த எண்ணெயை எடுக்கலாமே" என்று நண்பர்கள் கூறுவர். எமக்கும் இதுவே மிக உவப்பான வழி. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் உடலுக்குக் கேடு. கானில் ஊற்றினால் ஊருக்குக் கேடு. இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018இலிருந்து இவ்வெண்ணெயைச் சேகரித்து எரிபொருளாக்கும் திட்டமொன்றை நடத்துகிறது. எனினும், வீட்டுத் தாச்சியில் ஊற்றிய எண்ணெயிற் பெரும்பகுதி வயிற்றுக்கே போய்விடுகிறது, எஞ்சுவது கொஞ்சம். ஐரோப்பிய நாடுகள் கழிவெண்ணெய் எரிபொருளுக்குச் சிறப்புச் சலுகை அளித்தபோது கழிவு விலையேறியது. ஆசியாவிலிருந்து கப்பலேறிய "கழிவில்" புதிய பாம் எண்ணெயும் கலக்கப்படுகிறதோ என்ற ஐயம் அங்கேயே எழுந்தது. கழிவுக்குப் புதியதைவிட நல்ல விலை கிடைத்தால் வணிகன் கழிவை உற்பத்தி செய்யத் தொடங்குவான். அவனுக்கு லாபந்தான் அளவுகோல். எண்ணெய் தாச்சியைக் கண்டதா என்பது அவனுக்கு ஒன்றே.

மாணவரின் கேள்விக்கு வருவோம். குடாநாட்டில் அன்று மருத்துவரும் அந்த எண்ணெயிலேதான் ஓடினார்; பிரசவ வேதனையில் துடித்த பெண்ணை ஏற்றிய காரும் அதிலேதான் ஓடியது. கல்யாண ஊர்வலமும் ஓடியது. பதுக்கல் வியாபாரியும் ஓடினான். எனவே இயந்திரத்தில் எண்ணெய் ஊற்றுவது பாவம் என்று ஒரே சொல்லில் தீர்ப்பளிக்க நாம் ஆயத்தமாயில்லை. ஆனால் யாருடைய பயணத்துக்காக யாருடைய அடுப்பு அணைகிறது என்பதை அன்று எவரும் கூடித் தீர்மானிக்கவில்லை; கையிற் காசுள்ளவன் தீர்மானித்தான். இந்தோனேசியத் தாய்மாரிடமும் எவரும் கேட்கவில்லை.

இதைச் சொன்னதும் அம்மாணவர் விடவில்லை. "எங்கள் பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையின் பழைய எண்ணெய் எங்கே போகிறது, சேர்?" என்றார். விசாரித்தோம். வாரந்தோறும் ஒருவர் வந்து தகரத்தில் வாங்கிச் செல்கிறாராம். சந்தியில் வடை சுடுபவருக்கு அதை விற்கிறாராம். அந்த வடையை நாமும் பல நாள் வாங்கித் தின்றிருக்கிறோம்.