இசையரங்கின் விலையும் திரளின் பங்கும்

1965 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 ஆம் நாள் நியூயோர்க் நகரின் ஷே விளையாட்டரங்கிலே பீற்றில்ஸ் குழுவினர் பாடினர். 55,000 பேருக்கு மேற்பட்டோர் கூடியிருந்தனர். அதிகூடிய நுழைவுச்சீட்டின் விலையும் 6 டொலரை எட்டவில்லை. விளையாட்டு அறிவிப்புகளுக்கென அமைந்திருந்த ஒலிபெருக்கிகளே பாடலையும் சுமந்தன. கூட்டத்தின் கூக்குரலில் அவை அடங்கிப்போயின. பாடியவர்களுக்கே தம் குரல் கேட்கவில்லை. ஏறத்தாழ அரை மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது. செவிக்கின்பம் என்ற அளவுகோலை வைத்துப் பார்த்தால் அன்று விற்கப்பட்டது மிகவும் தரங்குறைந்த பண்டம் என்றே கூறவேண்டும். எனினும், பெருந்திரள் இசைநிகழ்ச்சியின் வரலாற்றை எழுதுவோர் அந்த மாலைப்பொழுதைத் தவறாது குறிப்பிடுகின்றனர். பாட்டை ஒழுங்காகக் கேளாத அம்மக்கள் எதனைப் பெற்றுத் திரும்பினர்? சீட்டு விலை பற்றிய அறவியல் வினாவை இங்கிருந்து தொடங்குவதே பொருத்தமாகும். விற்கப்படுவது யாது என்பது தெளியாதவிடத்து அதன் நியாயமான விலை யாது என்று வினவுவதிற் பயனில்லை.

விலை உயர்ந்துள்ளமை ஐயத்துக்கிடமற்றது. 2023, 2024 ஆம் ஆண்டுகளில் டெய்லர் ஸ்விஃப்ற் நடத்திய 'எராஸ்' சுற்றுப்பயணத்தில் 149 நிகழ்ச்சிகள் இடம்பெற்றன. ஒரு கோடிக்கு மேற்பட்டோர் வந்தனர். சீட்டு விற்பனை 200 கோடி டொலரைக் கடந்தது. ஆளுக்குச் சராசரி 200 டொலர் அளவில் அமைகின்றது. 1965 இன் பின்னர் அமெரிக்காவிற் பொதுவிலை மட்டம் ஏறத்தாழப் பத்து மடங்காயிற்று. அக்கணக்கின்படி ஷே அரங்கின் உயர்ந்த சீட்டு இன்று 60 டொலரளவில் இருந்திருக்கவேண்டும். பொருளியலாளர் அலன் குறூகர் எடுத்துக்காட்டியவாறு, 1981 முதல் 2012 வரை அமெரிக்க இசைநிகழ்ச்சிச் சீட்டின் சராசரி விலை ஏறத்தாழ 400 வீதம் உயர, பொதுவிலை மட்டம் 150 வீதமே உயர்ந்தது. மறுவிற்பனைச் சந்தையில் நடப்பது இதனினும் வேறான கதை. 'எராஸ்' நிகழ்ச்சியின் சாதாரண சீட்டுகள் அமெரிக்காவில் 49 டொலர் முதல் 449 டொலர் வரை விலை குறிக்கப்பட்டிருந்தன. அவையே கைமாறியபோது ஆயிரக்கணக்கான டொலருக்கு விலைபோயின.

இது ஓர் அறவியற் பிரச்சினையே அன்று எனச் சிலர் கருதலாம். 2022 இல் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வீதியோரங்களிற் காத்துக்கிடந்த ஒரு நாட்டில், பாட்டுக் கச்சேரிச் சீட்டைப் பற்றி அங்கலாய்ப்பது பொழுதுபோக்கன்றி வேறென்ன? இவ்வினாவிலே நியாயமுண்டு. பாட்டுக் கேளாமையால் எவரும் மடிவதில்லை. ஆனால் உயிர்வாழ்வுக்கு இன்றியமையாதவை மட்டுமே நீதியின் ஆட்சிக்குட்பட்டவை என்று கொண்டால், கோயில் வீதி, நூல்நிலையம், கடற்கரை ஆகிய யாவற்றையும் விலைக்கு விட்டுவிடலாம் என்ற முடிவுக்கும் உடன்பட வேண்டிவரும். அவற்றை இழந்து உயிர்வாழும் மனிதன் தன் சமூகத்தில் எத்தகைய உறுப்பினனாக வாழ்கிறான் என்பதும் நீதியைச் சார்ந்த வினாவே.

விலையேற்றத்துக்குக் கூறப்படும் காரணங்கள் பல. இசைத்தட்டு விற்பனையால் வந்த வருமானம் 1999 இன் பின்னர் வீழ்ச்சியடைந்தமையால், கலைஞர்கள் மேடையையே முதன்மையான வருவாயாகக் கொள்ள நேர்ந்தது. பிறிதொரு விளக்கம் வில்லியம் போமோல், வில்லியம் போவன் ஆகியோர் 1966 இல் வெளியிட்ட நூலிலிருந்து பெறப்படுவது. ஆலைத் தொழிலாளியின் உற்பத்தித் திறன் ஆண்டுதோறும் பெருகுகின்றது. நால்வர் சேர்ந்து வாசிக்கும் இசையுருப்படிக்கோ இரு நூற்றாண்டுகளுக்கு முன்னர் போலவே இன்றும் நால்வரும் அதேயளவு நேரமும் வேண்டும். கூலி எங்கும் உயர, கலையின் செலவு மட்டும் ஈடுசெய்யப்படாது ஏறுகின்றது. சிறு மண்டபத்து இசைக்கு இது முற்றிலும் பொருந்தும். பேரரங்குக்கு இதனைப் பொருத்துவது கடினம். ஒலிபெருக்கியும் பெருந்திரையும் நால்வரின் உழைப்பை அறுபதினாயிரம் பேரிடம் ஒரே வேளையிற் கொண்டுசேர்க்கின்றன. போமோல் கண்ட நோய்க்கு அவை மருந்தாகவே வந்தன. மேடையமைப்பும் பாரவண்டிகளும் நூற்றுக்கணக்கான பணியாளரும் பெருஞ்செலவு என்பது மெய்யே. ஆயினும் செலவு ஏறியமையால் மட்டும் விலை ஏறவில்லை. குறூகரின் கணக்கில், 1982 இல் நிகழ்ச்சி வருமானத்தின் 26 வீதத்தைப் பெற்ற உச்சியிலுள்ள நூற்றுக்கொரு வீதக் கலைஞர்கள் 2003 இல் 56 வீதத்தைப் பெற்றனர். நிகழ்ச்சிகளை நடத்தும் லைவ் நேஷனும் சீட்டு விற்கும் ரிக்கற்மாஸ்ரரும் 2010 இல் ஒன்றிணைந்தன; அந்நிறுவனம் போட்டியை நசுக்குகின்றது எனக் குற்றஞ்சாட்டி 2024 மே மாதத்தில் அமெரிக்க நீதித் திணைக்களம் வழக்குத் தொடுத்தது.

எனினும், ஏகபோகத்தைக் கண்டிப்பதோடு வினா தீர்ந்துவிடாது. நேர்மையான போட்டி நிலவினாலும் எஞ்சி நிற்கும் ஒரு வாதம் உண்டு. அதுவே வலிமை மிக்கது. இடம் அறுபதினாயிரம், விரும்புவோர் ஆறு இலட்சம் என்றால், எவ்வகையிலேனும் பெரும்பாலோர் விலக்கப்படுவது உறுதி. விலையைக் குறைத்து வைத்தால் அச்சலுகை ஏழை இரசிகனைச் சென்றடையாது. வாங்கி விற்கும் தரகனையே சென்றடையும். ஆகவே சந்தை தாங்கும் விலையைக் கலைஞனே பெறுவதில் தவறென்ன? தொழிலாளர் வாழ்வைப் பாடிப் புகழடைந்த புறூஸ் ஸ்பிறிங்ஸ்ரீனின் நிகழ்ச்சிகளுக்கு 2022 இல், கேள்விக்கேற்ப விலை மாறும் முறையிற் சில சீட்டுகள் 5,000 டொலர் வரை சென்றபோது, அவரும் ஏறக்குறைய இவ்வாறே விடையளித்தார்: தரகர் பெறும் பணத்தை மேடையில் வியர்வை சிந்துவோர் பெறலாகாதா என்பதே அதன் சாரம். 1980 முதல் அவரைப் பற்றியே வெளிவந்த இரசிகர் ஏடான 'பாக்ஸ்ரீற்ஸ்' மனந்தளர்ந்து 2023 இல் தன் பணியை நிறுத்திக்கொண்டது. அவ்வேட்டை நடத்தியவர்களுக்குப் பொருளியல் தெரியாமலில்லை. வாதம் சரியாயிருந்தும் ஏன் மனம் ஒப்பவில்லை என்பதே ஆராயத்தக்கது.

சந்தைவாதம் விலையை விருப்பத்தின் அளவுகோலாகக் கொள்கின்றது. அதிகம் கொடுப்பவன் அதிகம் விரும்புபவன் என்பது அதன் அடிப்படை. மருத்துவமனைத் தாதி ஒருத்தி நான்கு மாதம் மிச்சம்பிடித்து 150 டொலர் சேர்க்கின்றாள். செல்வன் ஒருவன் 1,500 டொலரைக் கணக்குப் பாராமலே நீட்டுகின்றான். இவ்விருவரில் மிகுதியாக விரும்பியவர் யார் என்று விலை சொல்லாது. அது விருப்பத்தையும் பணப்பையையும் ஒருங்கே அளந்து ஒரே எண்ணாகத் தருகின்றது; பின்னர் அவ்வெண்ணிலிருந்து இரண்டையும் பிரித்தெடுக்க வழியில்லை. பொருள் மிக விரும்புவோரைச் சென்றடையவேண்டும் என்பதே நோக்கமாயின், அந்நோக்கத்தின்படியே சந்தை தோற்றுவிடுகின்றது.

இதனினும் ஆழமான குறை ஒன்றுண்டு. செல்வந்தன் ஒருவன் ஷே போன்றதோர் அரங்கு முழுவதையும் தனக்காகவே அமர்த்திக்கொள்கின்றான் என வைத்துக்கொள்வோம். பாடகர் அவரே, பாட்டும் அதுவே, ஒலியோ முன்னையதிலும் தெளிவு. அவன் வாங்கியது அந்நிகழ்ச்சியையா? 2020 ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் வெற்றரங்குகளிலிருந்து ஒளிபரப்பப்பட்ட நிகழ்ச்சிகளைக் கண்டோர் இதற்கு விடையறிவர். அரங்கிற் கூடுவோர் பொருளை நுகர்வோர் மட்டுமல்லர், பொருளை ஆக்குவோருமாவர். 2023 ஜூலையில் அமெரிக்காவின் சியாற்றில் நகரத்து 'எராஸ்' நிகழ்ச்சிகளின்போது கூட்டம் ஆடிய ஆட்டமும் ஒலியும் அருகிலிருந்த நிலநடுக்கப் பதிவுக் கருவியிற் பதிவாயின, 2.3 அளவான நிலநடுக்கத்தோடு அதனை ஒப்பிட்டனர். அந்த அதிர்வைப் பாடகி தனித்து உண்டாக்கவில்லை. சீட்டு வாங்கிய ஒவ்வொருவரும் மற்றவரின் குரலையும் ஆர்வத்தையும் சேர்த்தே விலைக்கு வாங்குகின்றனர். அந்த மற்றவருக்கோ அதற்குக் கூலி கிடைப்பதில்லை. அவரும் பணங்கொடுத்தே உள்ளே வருகின்றார். கேள்வி பெருகப் பெருக விலையை ஏற்றும் முறை அவர்களுடைய ஆர்வத்தையே அவர்கள்மீது சுமத்தப்படும் வரியாக்கிவிடுகின்றது.

இதனால் திரளுக்கு அரங்கின்மீது உடைமையுரிமை பிறந்துவிடுகின்றது என்று கூறுவது மிகை. உரிமை என்பது கனத்த சொல். எடுத்ததற்கெல்லாம் அதனை ஆள்வது அச்சொல்லையே மலிவாக்கும். கூட்டாக ஆக்கப்படும் ஒன்றிற் பங்குகொள்வோரைப் பணப்பையை மட்டும் பார்த்துத் தெரிதல் பொருத்தமற்றது என்பதே இங்கு பெறப்படுவது. மைக்கேல் சண்டெல் 2012 இல் வெளிவந்த தம் நூலில், ஸ்பிறிங்ஸ்ரீன் தம் சீட்டுகளைச் சந்தை விலைக்குக் கீழே விற்றுவந்தமையை இந்நோக்கிலேயே எடுத்தாள்கின்றார். சந்தை விலை இரசிகருக்கும் பாடகருக்கும் இடையிலான உறவின் தன்மையை மாற்றிவிடும் என்பது அவர் கருத்து. பத்தாண்டு கழிந்தபின் அப்பாடகரே அவ்வாதத்துக்கு எதிர்ச்சான்றாக வந்து நின்றமை ஒரு விசித்திரம்.

வேறு வழிகள் குற்றமற்றவையா? வரிசை, பணத்துக்குப் பதிலாக நேரத்தைக் கேட்கின்றது. நேரமும் எல்லோரிடமும் சமமாக இல்லை. 2024 ஆகஸ்டில் ஒயாசிஸ் குழுவின் மீள்சேர்க்கை நிகழ்ச்சிகளுக்கு பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் இணையவழி வரிசையில் மணிக்கணக்காகக் காத்திருந்தோர், 150 பவுண் அளவில் எதிர்பார்த்த நிற்குமிடத்துச் சீட்டு 350 பவுணையும் தாண்டியிருக்கக் கண்டனர். பிரித்தானியப் போட்டிக் கண்காணிப்பு அதிகாரசபை விசாரித்தபோது, விலையை நிமிடத்துக்கு நிமிடம் மாற்றிய கணிப்பொறி முறை எதற்கும் சான்று கிடைக்கவில்லை. மலிவான சீட்டுகள் முதலில் விடப்பட்டு, அவை தீர்ந்தபின் எஞ்சியவை உயர்ந்த விலைக்கு விடப்பட்டிருந்தன. வரிசையில் நின்றோருக்கு அது முன்கூட்டி உணர்த்தப்படவில்லை. நேரத்தையும் செலுத்திப் பணத்தையும் செலுத்தவேண்டியதாயிற்று. குலுக்கல் முறை ஒப்பீட்டளவில் நேர்மையானது. அது செல்வனையும் தாதியையும் வேறுபடுத்தாது. ஆனால் தகுதியையும் வேறுபடுத்தாது என்பதை மறைக்கவேண்டியதில்லை.

பணத்துக்குச் சார்பாகச் சொல்லப்படவேண்டிய ஒன்று எஞ்சியுள்ளது. ஈழத்துத் தமிழர் அதனை எளிதிற் புறக்கணித்தல் ஆகாது. கோயில் திருவிழாவில் நாதஸ்வரமும் தவிலும் இரவிரவாக ஒலித்தபோது எவரும் சீட்டுக் கேட்கவில்லை; உபயகாரர் செலவை ஏற்றார். அதனைப் பொன்னுலகமாகப் போற்றுவோர் பலர். ஆனால் 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தை நினைவுகூர்ந்தால், அந்த இலவசம் எல்லோருக்குமான இலவசம் அன்று என்பது புலனாகும். சினிமாக் கொட்டகையின் சீட்டு, வாங்குபவனின் சாதியை வினவவில்லை. பிறப்பைக் கேட்ட வாயிலைவிடக் காசைக் கேட்ட வாயில் ஒரு முன்னேற்றமே. ஆயின் அம்முன்னேற்றம் நிலைப்பது, சாதாரண உழைப்பாளியின் கைக்கெட்டும் அளவிற் காசு நிற்கும்வரையே. எட்டாத உயரத்துக்கு ஏறிய விலை மீண்டும் பிறப்பையே கேட்கின்றது. எவர் வீட்டிற் பிறந்தாய் என்பதை வேறு மொழியிற் கேட்கின்றது. 2024 பெப்ரவரி 9 ஆம் நாள் யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரனின் இசைநிகழ்ச்சி நடைபெற்றபோது, கட்டணம் செலுத்தியோர் பகுதியைப் பிரித்துநின்ற தடுப்புகளைத் தாண்டிக் கூட்டம் புகுந்தது; நிகழ்ச்சி இடைநடுவே தடைப்பட்டது. பலர் அதனை ஒழுங்கீனம் எனக் கண்டித்தனர். ஒழுங்கீனந்தான். பொதுவெளி என்று தலைமுறைகளாக அறியப்பட்ட நிலத்தில் விலைப்படி வேலியிட்டால் அவ்வேலி எவ்வாறு நோக்கப்படும் என்ற வினா மட்டும் அக்கண்டனங்களில் அதிகம் எழவில்லை.

கலைஞர் நினைத்தால் ஏதும் செய்யமுடியாதா? பேர்ள் ஜாம் குழுவினர் சீட்டு விலையை 20 டொலருக்குள் வைக்க முயன்று, 1994 இல் ரிக்கற்மாஸ்ரருக்கெதிராக நீதித் திணைக்களத்தில் முறையிட்டனர். அடுத்த ஆண்டில் நடவடிக்கை ஏதுமின்றி விசாரணை மூடப்பட்டது. 2023 இல் 'த கியூர்' குழுவின் றொபேட் சிமித், கேள்விக்கேற்ப விலை மாறும் முறையை மறுத்து, சில அரங்குகளில் 20 டொலருக்கே சீட்டு விற்றார். அச்சீட்டுகள் சிலவற்றில் விற்பனைக் கட்டணங்கள் சீட்டின் விலையையே விஞ்சின. அவர் பகிரங்கமாக எதிர்த்தபின் நிறுவனம் சீட்டொன்றுக்கு 5 அல்லது 10 டொலரைத் திருப்பிக் கொடுத்தது. கைமாற்ற முடியாத சீட்டு என்ற அவரது ஏற்பாட்டை நியூயோர்க் உள்ளிட்ட சில மாநிலங்களின் சட்டங்கள் அனுமதிக்கவில்லை. வாங்கியதை விற்பவனின் சுதந்திரத்தை அச்சட்டங்கள் காத்துநின்றன. அயர்லாந்து 2021 இல், பேரரங்குச் சீட்டுகளைக் குறித்த விலைக்கு மேல் மறுவிற்பனை செய்வதைத் தடைசெய்தது. பிரித்தானிய அரசு 2025 நவம்பரில் அவ்வாறே செய்யப்போவதாக அறிவித்தது. தரகனை இவை தடுக்கலாம். முதல் விற்பனையாளன் குறிக்கும் விலையை இவை தொடுவதில்லை.

2024 ஜூலை இறுதியில் ஜேர்மனியின் மியூனிக் நகரில் இரு நாள் 'எராஸ்' நிகழ்ச்சி நடைபெற்றது. அரங்கின் அருகே உலகப்போரின் இடிபாடுகளைக் குவித்து உருவாக்கிய குன்றொன்று உண்டு. சீட்டில்லாத பல்லாயிரம் பேர் அக்குன்றின் புல்வெளியில் அமர்ந்து, கீழே ஒலித்த பாட்டோடு சேர்ந்து பாடினர். அவர்களால் உள்ளே இருந்தோர் எவரும் எதையும் இழக்கவில்லை, பாடகிக்கும் நட்டமில்லை. பற்றாக்குறை இருந்தது நாற்காலிக்கேயன்றி இசைக்கன்று. நாளை எவரேனும் அக்குன்றைச் சுற்றி வேலியிட்டு, சந்தை தாங்கும் விலையைக் குறிக்க முன்வந்தால், அவரை மறுப்பதற்கு ஸ்பிறிங்ஸ்ரீன் கூறிய நியாயத்தில் ஒரு சொல்லும் இல்லை.