உள்ளப்பிணிக்கும் மருந்து உண்டு

உடற்பிணிக்கு மருந்து தேடாத இல்லம் இல்லை. உள்ளப்பிணியைக் கண்டாலோ, "நோய் வந்தால் மனம் தளர்வது இயற்கைதானே" என்று கூறி அமைந்துவிடுகிறோம். இயற்கையாய் எழும் துயரை நீக்க முயல்வது கடமையா, அதனைப் பொறுத்திருக்க விடுவது முறையா? இவ்வினாவை இதயச் செயலிழப்பு என்னும் நோயை முன்வைத்து ஆராய்வோம்.

இப்பெயர் இதயம் நின்றுவிட்டதைக் குறிப்பதன்று. உடலுக்கு வேண்டிய அளவு குருதியைச் செலுத்தும் வலிமை குன்றியதையே குறிக்கும். சில படிகள் ஏறினாலே மூச்சிரைக்கும், கால் வீங்கும். உப்பை அளந்து உண்டு, நாள்தோறும் எடை பார்த்து, பல மாத்திரைகளுடன் வாழவேண்டும். இந்நோயருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் மனச்சோர்வுக்கு ஆளாகின்றனர் என்பது பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி 2006-இல் கண்ட முடிவு. களைப்பு, பசியின்மை, உறக்கக்கேடு ஆகியவை இரு நோய்களுக்கும் பொதுவாகையால், உள்ளத்தின் துயர் இதயநோயின் பின்னே மறைந்துவிடுகிறது.

மூச்சிரைப்பும் இந்நோய்க்கு இயற்கையே. அதற்காக நாம் மருந்து கொடாமல் இருப்பதில்லை. ஆகவே, இயற்கை என்னும் சொல் துன்பத்தின் காரணத்தைக் கூறுமேயன்றி, அதனை நீக்காதிருக்க நமக்கு உரிமை அளிப்பதில்லை.

"சோர்வைத் தீர்த்தால் ஆயுள் கூடுமா?" என்று சிலர் வினவலாம். 2010-இல் அமெரிக்காவில் 469 நோயரிடம் செர்ட்ராலின் என்னும் மருந்தும், 2016-இல் ஜெர்மனியில் 372 நோயரிடம் எஸ்சிட்டாலோபிராம் என்னும் மருந்தும் ஆராயப்பட்டன. மருந்தற்ற போலி மாத்திரை பெற்றோரைவிட இம்மருந்துகளைப் பெற்றோருக்குச் சோர்வு மிகுதியாகக் குறையவில்லை. ஜெர்மானிய ஆய்வில் இறப்பும் குறையவில்லை. ஆயினும் 2010 ஆய்வில் செவிலியரின் துணை பெற்ற இரு பிரிவினருக்குமே சோர்வு தணிந்தது.

2015-இல் செயின்ட் லூயிஸ் நகரில் 158 நோயரிடம் நடந்த ஆய்வில், எண்ணங்களையும் பழக்கங்களையும் சீர்செய்யும் உரையாடல் சிகிச்சை சோர்வைக் குறைத்தது. 2024-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 416 நோயர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் மனச்சோர்வு மருந்து பெற்றனர். மற்றவர்கள் தாம் முன்பு விரும்பிச் செய்த சிறு செயல்களை ஒருவர் துணையுடன் திட்டமிட்டு மீண்டும் தொடங்கினர். ஆறு மாதத்தில் இரு சாராருக்கும் சோர்வு ஏறக்குறையப் பாதியாயிற்று. செயல்வழிச் சிகிச்சை பெற்றோர் அவசரப் பிரிவை நாடியதும் குறைவே.

இவற்றால் நாம் தெளிவது யாது? ஆயுள் நீளுமா என்பது ஒன்றே சிகிச்சைக்கு அளவுகோல் அன்று. எஞ்சிய நாட்கள் ஒன்றும் கூடாவிடினும், அந்நாட்களின் துயரைத் தணிப்பது தன்னளவிலேயே அறம். அவ்வறத்தை மாத்திரையிடம் மட்டும் ஒப்படைத்துவிட்டு நாம் விலகி நிற்கவும் இயலாது.

நம் இல்லங்களுக்கு இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. நோயுற்ற பெரியவர் மருந்தையும் உணவையும் வெறுத்து, "இனிப் போதும்" என்றால், அதனைப் பற்றறுத்த நிலை என்று போற்றிவிடும் அபாயம் உண்டு. சல்லேகனை தெளிந்த மனத்துடனும் அமைதியுடனும் குருவின் இசைவுடனும் ஏற்கப்படுவது. சோர்வால் விளையும் வெறுப்போ நோயின் குரல். பற்றை வென்றவர் வேறு. நம்பிக்கை இழந்தவர் வேறு. இரண்டாமவருக்கு நாம் அளிக்கவேண்டியது வணக்கம் அன்று, சிகிச்சை.

ஆதலின், நோயரிடம் மூச்சையும் வீக்கத்தையும் கேட்பதுபோல் மனத்தையும் கேட்போம். இரு வாரங்களுக்கு மேல் எதிலும் நாட்டமின்றி இருந்தால் மருத்துவரிடம் கூறுவோம். சாக விரும்புவதாக ஒரு சொல் வந்தாலும் அன்றே கூறுவோம். மருத்துவர் இசைந்த அளவில் சிறு நடை, பூப்பறித்தல், பேரனுக்குப் பாடம் சொல்லல் என ஏதேனும் ஒரு செயலில் உடனிருந்து ஈடுபடுத்துவோம். உயிர்க்கு இரங்குதல் என்பது, அவ்வுயிர் சுமக்கும் துயருக்கும் இரங்குவதே.