உளி உறங்கும் இரவு

சரஸ்வதி பூஜையன்று எங்கள் வீட்டில் எதையும் படிக்கக் கூடாது. புத்தகங்களை அடுக்கி, மேலே பட்டுத் துணி போர்த்தி, சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டால், மறுநாள் விஜயதசமி காலையில் எடுக்கும் வரை எழுத்தின் பக்கமே போகக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். பள்ளிக்கூடம் போன நாட்களில் இதைவிட இனித்த சட்டம் வேறில்லை. கணக்குப் புத்தகத்தைத்தான் முதலில் கொண்டுபோய் வைப்போம். அதுவும் அடுக்கின் அடியில், சுலபத்தில் கைக்கு அகப்படாத இடத்தில்.

அந்த இனிப்பு ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. பொரியும் கடலையும் வாங்கி வந்த பொட்டலத்தைப் பிரித்தால், கண் தானாகப் போய் அந்தப் பழைய செய்தித்தாளில் நிற்கும். ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு லாரி கவிழ்ந்த செய்தி; யாருக்கு என்ன ஆயிற்று என்பதற்குள் தாள் கிழிந்திருக்கும். மற்ற நாளில் சீண்டாத எழுத்தெல்லாம் அன்றைக்கு என்னைக் கூப்பிடும். தீப்பெட்டி, எண்ணெய் டின், சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரின் ராசிபலன்.

"படிக்கிறியாடா?"

"இல்லம்மா, பாக்கத்தான் செய்யறேன்."

பொய்தான். ஆனால் அந்தப் பொய்யை உண்மையாக்கிப் பார்க்க ஒரு முறை முயன்றேன். எழுத்தைப் படிக்காமல் பார்க்க முடியுமா? 'ழ' என்ற எழுத்தை ஒலியாக்காமல், வாசலில் போட்ட ஒரு கோலத்தின் வளைவாக மட்டும் பார்க்க முடியுமா? அரை நொடி முடிந்தது. அடுத்த கணமே மனம் அதை 'மழை'யாக்கிக்கொண்டு ஓடிவிட்டது. எனக்குள் ஒருவன் கேட்காமலே ஓயாமல் படித்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தது அன்றைக்குத்தான். இன்று மெய்ப்புத் திருத்திப் பிழைக்கிறேன். அவனுக்குச் சம்பளமே கொடுக்கிறார்கள். வருடத்தில் ஒரு நாள் அவனை உட்கார வைக்க முடிகிறதா என்று பார்ப்பதுதான் எனக்கு அந்தப் பூஜை. பெரும்பாலும் முடிவதில்லை.

அப்பா தச்சர். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு நிலையும் கதவும் அவர் கை பட்டவை. எங்களுக்கு ஏடு அடுக்குவது போல அவருக்கு ஆயுதம் அடுக்குவது. அதற்கான வேலை முந்தின நாளே தொடங்கிவிடும். உளி, வாய்ச்சி, இழைப்புளி, ரம்பம், கொட்டாப்புளி எல்லாவற்றையும் பெட்டியிலிருந்து எடுத்து, ஒட்டியிருக்கும் பிசினைச் சுரண்டி, துடைத்து, எண்ணெய் பூசுவார். உளிகளைச் சாணைக்கல்லில் ஒவ்வொன்றாகத் தீட்டுவார். நாளைக்கு வேலையே செய்யப் போவதில்லையே, இன்றைக்கு எதற்குத் தீட்ட வேண்டும் என்று கேட்டேன். "மழுங்கின உளியச் சாமிகிட்ட வெக்கப்படாது" என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

பூஜை முடிந்து பொரியும் சுண்டலும் அவலும் கொடுத்து முடித்ததும் அவர் திண்ணையில் வந்து உட்காருவார். அப்போதுதான் வேடிக்கை. கைகளை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியாது. மடியில் வைப்பார், எடுப்பார். திண்ணைத் தூணின் ரேகையைக் கட்டைவிரலால் தடவுவார். வாய் வெற்றிலை மெல்லும். கை மட்டும் எதையோ தேடும். அரை நாள் கழிந்த பிறகே அந்தக் கைகள் ஓயும். ஓய்ந்த பிறகு அவர் பேச்சு மாறும். மற்ற நாட்களில் ஒரு மரத்தைக் காட்டினால் அவர் கண்ணுக்குத் தெரிவது எத்தனை கன அடி, எத்தனை சட்டம், எங்கே முடிச்சு என்பதுதான். அன்றைக்கு மட்டும், "அந்தப் பூவரசுல கிளி பொந்து வெச்சிருக்கு பாரு" என்பார். அந்தப் பூவரசு வருடம் முழுதும் அங்கேதான் நின்றது. கிளியும் புதிதாக வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

தியானம் என்று தனியாக ஒன்றை அவர் அறிந்தவரில்லை. கண்ணை மூடி உட்காரச் சொன்னால் தூங்கிவிடுவார். ஆனால் கருவியைக் கீழே வைத்த பின் உலகம் பலகையாகத் தெரியாமல் மரமாகத் தெரிந்த அந்த அரை நாளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

நம் மரபு ஓய்வைச் சும்மா விடவில்லை. அதற்கும் ஒரு சடங்கு வைத்தது. மதுரையில் இரவு தோறும் சொக்கநாதரின் திருவடியைப் பல்லக்கில் ஏற்றி மீனாட்சியின் பள்ளியறைக்கு அழைத்துப் போகிறார்கள். அர்த்தசாமப் பூஜை முடிந்து நடை சாத்தினால், காலையில் பள்ளியெழுச்சி பாடும் வரை சாமியைத் தொந்தரவு செய்யக் கூடாது. இரவெல்லாம் வரம் கொடுக்கட்டுமே என்று யாரும் கேட்பதில்லை. மாட்டுக்கு மாட்டுப் பொங்கல். எங்கள் பக்கத்தில் அமாவாசையன்று ஏர் பூட்ட மாட்டார்கள். தச்சர்களும் அன்று உளி எடுப்பதில்லை. சம்பா அறுத்த வயலில் உளுந்தும் பயறும் போடுவது காசுக்காகத்தான் என்றாலும், அந்தச் செடிகள் வேரில் முடிச்சு முடிச்சாகத் தழைச்சத்தைச் சேர்த்து வைத்துவிட்டுப் போகின்றன. நெல் கேட்டுக் கேட்டு இளைத்த மண்ணுக்கு அது ஓர் இளைப்பாறல். நவராத்திரி வருவதும் பெரும்பாலும் புரட்டாசியில், ஐப்பசி மழைக்கு முந்தின அந்தச் சந்தில்தான். மேற்கே வெயில் இருக்கும், கிழக்கே கருத்துக்கொண்டு வரும், மழை இன்னும் விழுந்திருக்காது. மண்ணின் மணம் மட்டும் முன்னால் வந்துவிடும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அரிவாள்மணைக்கும் அம்மா பொட்டு வைப்பாள். அம்மிக்கும் உரலுக்கும் அடுப்புக்கும் வைப்பாள். வைத்த பொட்டு காய்வதற்குள் அரிவாள்மணையை எடுத்து வாழைக்காய் நறுக்குவாள். ஒன்பது நாளும் ஒன்பது சுண்டல், கடைசி நாளில் வடை பாயசத்தோடு சாப்பாடு. உளி உறங்கியது, புத்தகம் உறங்கியது, கரண்டி உறங்கவில்லை. கேட்டால், "எல்லாரும் பொரியைத் தின்னுட்டுப் படுத்துடுவீங்களா?" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் இருந்தது பக்தியா அலுப்பா என்று அப்போது நான் யோசிக்கவில்லை. இப்போது எங்கள் வீட்டில் நவமியன்று இரவுச் சமையல் கிடையாது. மிச்சமிருக்கும் சுண்டலும் பழமும்தான். அம்மா இருந்திருந்தால் முதலில் சண்டைக்கு வந்திருப்பாள்.

நான் வேலை பார்க்கும் இடத்திலும் ஆயுத பூஜை உண்டு. கணினித் திரைக்கு மூன்று விரல் விபூதி, விசைப்பலகைக்குக் குங்குமம், வாசலில் வாழைக்கன்று. பூசணிக்காயில் குங்குமத்தைக் கொட்டி நடுத்தெருவில் உடைப்பது வேறு. பின்னால் வருகிற இருசக்கர வண்டிக்காரர்கள் வழுக்கி விழாமல் இருக்கச் சாமிதான் காப்பாற்ற வேண்டும். இதையெல்லாம் கைப்பேசியில் படம் எடுத்து அங்கேயே நாலு பேருக்கு அனுப்பிவிடுவோம். கைப்பேசிக்கு யாரும் பொட்டு வைத்து நான் பார்த்ததில்லை. வைத்தால் கீழே வைக்க வேண்டியிருக்குமே! இந்த நாளில் அலங்காரத்தைவிடத் தொடாமல் இருப்பதுதான் கடினமான பகுதி. அதனால்தானோ என்னவோ, அதை முதலில் கைவிட்டோம்.

அப்பா போய் ஆறு வருடமாகிறது. அவருடைய பெட்டி என்னிடம் இருக்கிறது. வருடா வருடம் நான் அதைத் திறந்து, துடைத்து, எண்ணெய் போட்டு, மாலை சாத்தி, சூடம் காட்டி, மறுநாள் மூடிவிடுவேன். அவருக்குச் செய்கிற மரியாதை என்று மனத்துக்கு நிறைவாகவே இருந்தது, போன வருடம் வரை.

போன வருடம் அலுவலகத்தில் புறநானூற்றுப் பதிப்பு ஒன்றுக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்ணூற்றைந்தாவது பாட்டு. அதியமான் நெடுமான் அஞ்சிக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார் பாடியது. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையாகக் காட்டுகிறான். ஔவை பாராட்டுவது போல ஆரம்பிக்கிறார். இங்கே இருப்பவை மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக்கொண்டு காவலுள்ள அரண்மனையில் இருக்கின்றன. அங்கே அதியமானுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து, கொல்லனின் சிறிய உலைக்களத்தில் கிடக்கின்றன. பள்ளியில் இந்தப் பாட்டை வஞ்சப் புகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாகப் படித்து மதிப்பெண்ணும் வாங்கியவன் நான். பிழை தேடி எழுத்து எழுத்தாகப் போனபோதுதான் உறைத்தது. மாலை, நெய், காவல்! என் வீட்டுப் பரண்மேல் இருக்கும் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்துதான் பாடியிருக்கிறாள் கிழவி.

களைத்தவனுக்குத்தான் ஓய்வு. வருடம் முழுதும் மரத்தோடு மல்லுக்கட்டிய உளி ஒரு நாள் உறங்கினால் அது ஓய்வு. வருடம் முழுதும் உறங்கிய உளிக்கு மாலை போட்டால் அதை என்னவென்று சொல்வது? அப்பா தீட்டிய பிறகே சாமியிடம் வைத்தது ஏன் என்று, கேட்டு முப்பது வருடம் கழித்து எனக்குப் புரிந்தது.

விஜயதசமி காலையில் அப்பா குளித்துவிட்டு வந்து இழைப்புளியை எடுப்பார். கையில் அகப்பட்ட துண்டுக் கட்டை ஒன்றில் ஒரே ஒரு இழுப்பு இழைப்பார். நீளமாக ஒரு சுருள் வரும். அதை என்னிடம் கொடுத்துவிட்டு இழைப்புளியை வைத்துவிடுவார். அதில் எந்தப் பொருளும் ஆகாது, யாருக்கும் கூலி கேட்க முடியாது. அதே நேரம் உள்ளே அம்மா எங்களைப் புத்தகத்தைப் பிரித்து ஒரு வரியாவது படிக்கச் சொல்வாள். கூத்தனூர் சரஸ்வதி கோயிலில் சின்னஞ்சிறுசுகள் நெல்லைப் பரப்பி முதல் 'அ' எழுதுவதும் அன்றைக்குத்தான். ஒரு வரி, ஓர் எழுத்து, ஒரு சுருள்.

போன விஜயதசமிக்கு நான் மாலையைக் கழற்றிவிட்டு இழைப்புளியை வெளியே எடுத்தேன். ஆப்பைத் தட்டி அலகைக் கழற்றினால் முனையில் துரு. பக்கத்துத் தெருவில் இன்னும் தொழில் செய்யும் பெரியவரிடம் கொண்டுபோனேன். வாங்கிப் பார்த்தவர், "ஆசாரியாரோடதா?" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. கல்லில் தீட்டிக் கொடுத்து, எவ்வளவு அலகு வெளியே நீட்ட வேண்டும் என்று விரலால் தடவிக் காட்டினார்.

முதல் இழுப்பில் அலகு கட்டையில் கடித்து நின்றுவிட்டது. இரண்டாவதில் வழுக்கிக்கொண்டு ஓடியது. தூள் மட்டும் வந்தது. மகள் எதிரே குத்த வைத்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது இழுப்பில் ஒரு சாண் நீளத்துக்குச் சுருள் வந்து, நடுவில் கிழிந்து, சுருண்டு விழுந்தது. தேக்கின் வாசம். அவள் அதை எடுத்து விரலில் மோதிரம் போலச் சுற்றிக்கொண்டாள்.

"இன்னொண்ணு போடுப்பா."

கட்டையைத் திருப்பி வைத்து, ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தேன்.